ஸ்கோப்பின் மூக்கில் கட்டிய துண்டு

ஆண்டனியின் பட்டறையில் தங்கையனுக்கு ஒரே வேலைதான். சூடு பார்க்க வேண்டும். ஊரில் யாராவது "இப்ப எங்கப்பா வேலை பாக்குறே?" என்று கேட்டு, அவன் "சூடு பாக்குறேன்" என்று சொன்னால் சிரிப்பார்கள். எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்பார்கள். அவனும் கூடச் சிரித்துவிட்டுப் போய்விடுவான். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் அரை நாள் ஆகும்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ரோட்டு ஓரத்திலேயே பட்டறை. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் வயல். ஆண்டனி பழைய வால்வு ரேடியோ பழுது பார்ப்பவர். வேலைக்குக் குறைச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இப்போதுதான் பணம் உள்ளவர்கள் பழைய ரேடியோவைத் தேடி வாங்கிக் கூடத்தில் வைக்கிறார்களே. பெங்களூரிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, பார்சலில் ரேடியோ அனுப்புவார்கள். உள்ளே கருகிப்போன டிரான்ஸ்பார்மரைப் பிரித்துப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுக்க இந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. சுற்றுகிற மெஷினைக்கூட அவரே செய்திருந்தார். தையல் மெஷின் சக்கரம், சைக்கிள் செயின், சுற்று எண்ணுவதற்கு ஒரு பழைய மீட்டர், எல்லாம் ஒரு தேக்குப் பலகையில்.

ரேடியோவைச் சோதிக்க ஒரு ஆசிலோஸ்கோப் இருந்தது. எங்கேயோ மூடிய காலேஜ் ஒன்றின் ஏலத்தில் எடுத்தது. பேர் வாயில் நுழையாது என்று தங்கையன் அதை ஸ்கோப்பு என்பான். வட்டமான பச்சைக் கண்ணாடியில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து ஓடும். அது ஓடுகிற விதத்தைப் பார்த்தே ரேடியோவுக்கு எங்கே நோவு என்று ஆண்டனி சொல்லிவிடுவார். எடை ஒரு சிப்ப மூட்டை நெல் இருக்கும். உள்ளே நாற்பதுக்கு மேல் வால்வு, ஒவ்வொன்றும் சிம்னி விளக்கு மாதிரி எரியும். அத்தனை சூட்டையும் தணிக்க, வெளிக்காற்றை உள்ளே இழுக்க முதுகுப்பக்கம் ஒரு ஃபேன். ஃபேனுக்கு முன்னால் தூசி போகாமல் ஒரு சல்லடை. ஃபேன் திணறினால் ஸ்கோப்பு தானாக நிற்க வேண்டும் என்று கம்பெனிக்காரன் உள்ளே ஒரு சுவிட்சு வைத்திருந்தான். அது எந்தக் காலத்திலோ செத்துவிட்டது. மாற்றுச் சுவிட்சு கிடைக்கவில்லை. ஆண்டனி ஒயரை நேராக இணைத்துவிட்டார்.

"அந்தச் சுவிட்சுக்குப் பதிலாத்தான்ப்பா நீ" என்றார், வேலைக்கு வந்த முதல் நாள்.

வந்த கதையும் சொல்லிவிட வேண்டும். தங்கையன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவன். ஒரு மழை வருஷம் ஆண்டனி தன் மனைவி வழி நிலத்து நெல்லைக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, நாலு நாளாகக் காத்துக்கிடந்தார். தங்கையன் போகிற போக்கில் தார்ப்பாயைத் தூக்கி, அம்பாரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தான். "உள்ள வெந்துகிட்டு இருக்குங்க. இப்பவே பிரிச்சு விடுங்க, இல்லாட்டி காலையில முளைதான் அள்ளணும்" என்றான். பிரித்தபோது ஆவி வந்தது. ஆண்டனி அதை மறக்கவில்லை. கொரோனாவில் படுத்து எழுந்த பிறகு அவருக்கு வாசனையே போய்விட்டது. காபியும் தெரியாது, கருகலும் தெரியாது. மூக்கை நம்பித் தொழில் செய்தவருக்கு அது பெரிய இடி. அதே சமயம் தங்கையனுக்கு இடுப்பு விழுந்து, மூட்டை தூக்க முடியாமல் வீட்டில் கிடந்தான். அவரே தேடி வந்து கூப்பிட்டார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை அவனுக்கு நெஞ்சில் ஏறிவிட்டது. ஸ்கோப்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு கட்டை மேல் உட்கார வைக்க வேண்டும். தலையில் எதையும் வைக்கக் கூடாது, ஸ்க்ரூ டிரைவர்கூட. சல்லடையை வாரம் ஒரு தரம் சோப்புத் தண்ணியில் அலசி, நன்றாகக் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஓடும்போது கால் மணிக்கு ஒரு தரம் பக்கவாட்டில் வெளியே வரும் காற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கை காய்த்துப் போனதால் அவன் புறங்கையைத்தான் வைப்பான். நிறுத்தியவுடன் உறை போட்டு மூடக் கூடாது, ஆறட்டும். வயலில் அறுப்பு நடந்தால் அன்றைக்கு ஸ்கோப்பே போடக் கூடாது.

இதையெல்லாம் ஒரு நோட்டில் நேரம் போட்டு அவன்தான் எழுதுவான். ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் அவன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேகலா என்ற பெண் நடத்திய சாயங்கால வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்தான். 'காத்து நல்லா இருக்கு', 'சல்லடை சுத்தம்', 'சூடு ஏறுது நிறுத்தினோம்' என்று அவன் எழுதியதை ஆண்டனி தினமும் படித்து, கீழே ஒரு கையெழுத்துப் போடுவார். தன் எழுத்தை ஒரு மனுஷன் படித்து நம்புகிறான் என்பதில் தங்கையனுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

இந்த வருஷம் குறுவை அறுப்பு. பட்டறைக்குப் பின்னால் உள்ள வயலில் காலையிலேயே அறுப்பு மெஷினை இறக்கிவிட்டார்கள். தூசியும் சுணையும் புகை மாதிரி எழும்பி வந்தன. அன்றைக்கென்று நன்னிலம் நாகநாதனின் ரேடியோ மேஜையில் கிடந்தது. சாயங்காலம் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அறுப்பு நடக்குதுண்ணே" என்றான் தங்கையன்.

"தெரியுது. ஜன்னலைச் சாத்திக்குவோம். ஒரு மணி நேர வேலைதானே" என்றார் ஆண்டனி.

ஜன்னலைச் சாத்தியும் இடுக்கு வழியாகச் சுணை வந்து கழுத்தில் அரித்தது. ஆண்டனி மேஜைக்கு முன்னால் ரேடியோவுக்குள் தலையை விட்டிருந்தார். தங்கையன் ஸ்கோப்பின் முதுகுப்பக்கம் உட்கார்ந்து பார்த்தான். ஃபேன் அத்தனை தூசியையும் இழுத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு மனசு கேட்கவில்லை. களத்தில் நெல் தூற்றும்போது அவன் என்ன செய்வான்? தோள் துண்டை எடுத்து மூக்கை மூடிக் கட்டிக்கொள்வான். முப்பது வருஷம் அப்படித்தான் மூச்சு விட்டான், ஒன்றும் ஆகவில்லை. துண்டை எடுத்து இரண்டாக மடித்தான், பிறகு இன்னொரு மடிப்பு. சல்லடை மேல் வைத்து, முனைகளைப் பக்கத்துக் கைப்பிடிகளில் முடிந்தான். துண்டு சல்லடையோடு ஒட்டிக்கொண்டது. பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தான். காற்று வருகிற மாதிரிதான் இருந்தது. அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தான்.

கொஞ்ச நேரத்தில் வைக்கோல் கட்டுகிற மெஷின் சத்தம் கேட்டது. வீட்டில் ஒரு பசு. கட்டு வெளியூர் லாரியில் ஏறிவிட்டால் அப்புறம் கிடைக்காது.

"அண்ணே, ரெண்டு கட்டுக்குச் சொல்லிட்டு வந்துடுறேன். பத்து நிமிஷம்."

"போயிட்டு வாப்பா" என்றார், தலையைத் தூக்காமல்.

வரப்பில் நின்றிருந்த மங்களாம்பிகைதான் முதலில் பார்த்தாள். ஒரு காலத்தில் அவனோடு நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவள். "அடடே, சூடு பாக்குற டாக்டரு வயலுக்கே வந்துட்டாரே. எனக்கும் கொஞ்சம் கையைப் புடிச்சுப் பாரு, ரெண்டு நாளா உடம்பு சரியில்ல."

"உனக்கா? உன்னைத் தொட்டா எனக்குல்ல ஜுரம் வரும்."

"ஃபேனுக்குக் கீழ உக்காந்து உக்காந்து வாய் நீண்டு போச்சு இவனுக்கு."

மெஷின்காரன் கட்டு இல்லை என்றான், பிறகு இருக்கிறது என்றான், முதலாளிக்குப் போன் போட்டான், முதலாளி எடுக்கவில்லை. பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது தங்கையனுக்குத் தெரியவில்லை.

பட்டறை வாசல்படியில் கால் வைத்ததும் வாசனை அடித்தது. கீல் உருகுகிற வாசனை. ரோடு போடும்போது வருமே, அது. உள்ளே ஸ்கோப்பின் முதுகுப்பக்கத்திலிருந்து நூல் மாதிரி புகை எழுந்துகொண்டிருந்தது. பச்சைக் கோடு சுருங்கிப் போயிருந்தது. "என்னாச்சு இதுக்கு, கோடு ஏன் குறுகுது" என்று ஆண்டனி பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். புகை பின்பக்கமாகப் போனதால் அவர் கண்ணில் படவில்லை. வாசனைதான் தெரியாதே.

தங்கையன் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். அடுத்து அவன் கை செய்ததை அவனே யோசித்துச் செய்யவில்லை. ஆண்டனி மேஜையைச் சுற்றி வருவதற்குள் துண்டை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான். அடிவயிற்றில் சுட்டது.

"எதாவது மறைச்சிருந்துச்சா?" ஆண்டனி முதுகுப்பக்கம் குனிந்து பார்த்தார்.

"இல்லண்ணே."

"காத்து?"

"நான் போறப்ப நல்லாத்தான் வந்துச்சு."

ஆண்டனி நோட்டை அவன் பக்கம் நகர்த்தினார். தங்கையன் எழுதினான். 'காத்து நல்லா இருந்தது. சல்லடை சுத்தம்.' எப்போதும் எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதுகிறவன், அன்றைக்கு ஒரே மூச்சில் எழுதிவிட்டான்.

மறுநாள் ஆண்டனி ஸ்கோப்பைப் பிரித்தார். சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது பளிச்சென்று இருந்தது. இருக்காதா பின்னே, சுணையெல்லாம் தங்கையன் வீட்டுக் கொடியில் தொங்கிய துண்டில் அல்லவா இருந்தது. ஃபேனை விரலால் தட்டினார், வழுக்கிக்கொண்டு சுற்றியது. வால்வுகள் பெரும்பாலும் உயிரோடு இருந்தன. டிரான்ஸ்பார்மர் மட்டும் கரிக்கட்டை. அந்த டிரான்ஸ்பார்மரை ஆடி மாதத்தில் அவர்தான் புதிதாகச் சுற்றிப் போட்டிருந்தார்.

நாலு நாள் உட்கார்ந்து அதை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கருகியிருந்ததால் எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"என் சுத்துதான் தப்புப்பா" என்றார் கடைசியில். "சுத்துக்கு நடுவுல வைக்கிற காகிதம் எங்கயோ விலகியிருக்கு. அறுபத்து மூணு வயசாகுது. கை நடுங்குறது எனக்கே தெரியாம நடுங்கியிருக்கு."

"அப்படில்லாம் இருக்காதுண்ணே."

"வேற என்ன? நோட்டு இருக்கு, சல்லடை இருக்கு. நீ எழுதுனது பொய்யா?"

அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. சும்மா பேச்சுக்குச் சொன்னார். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். தங்கையன் பிற்பாடு எத்தனையோ தரம் அந்த இடத்துக்குப் போய்ப் போய் நின்று பார்த்தான். சொன்னால் வேலை போகும், வேலை போனால் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு எங்கே போவது என்பது பாதிக் காரணம். சுவிட்சுக்குப் பதில் வைத்த ஆள் சுவிட்சைப் போலவே செத்துப்போனான் என்று ஆகிவிடுமே என்பது மீதி.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆண்டனி நேர்மையான மனுஷர். இந்த வருஷம் அவர் கையால் சுற்றிய டிரான்ஸ்பார்மர் நாலு ரேடியோவில் போயிருந்தது. நாலு பேருக்கும் போன் போட்டார். அறுப்பன்று சாயங்காலமே ரேடியோவை எடுத்துப் போன நன்னிலம் நாகநாதனிடம் ஸ்பீக்கரில் பேசியது தங்கையன் காதிலும் விழுந்தது.

"நாகநாதன் சார், அந்த ரேடியோவைப் போடாதீங்க. பிளக்கைப் புடுங்கி வச்சுடுங்க."

"ஏங்க, நல்லா பாடுதே."

"பாடும். எனக்கு என் வேலையில நம்பிக்கை இல்லீங்க. வீட்டுல தீ கீ புடிச்சா நான் பதில் சொல்ல முடியாது. வேற யாருகிட்டயாவது குடுத்து மாத்திக்குங்க."

"என்ன ஆண்டனி, இப்படிச் சொல்றீங்க" என்றார் நாகநாதன்.

தங்கையன் பிளாஸ்கில் டீ வாங்கிவந்து ஊற்றி வைத்தான். ஆண்டனி குடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போன் போட்டார்.

அதற்கப்புறம் பார்சல் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். திருச்சியில் இருக்கும் மகள் அனிட்டா வெகுநாளாக வரச்சொல்லிக்கொண்டிருந்தாள். சரி வருகிறேன் என்றுவிட்டார். கார்த்திகையில் ஒரு நாள் சுற்றுகிற மெஷினைத் தஞ்சாவூர்ப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடச் சொன்னார். "இது கண்ணுல பட்டுகிட்டே இருந்தா சோறு இறங்கல" என்றார். மினி லாரியில் ஏற்றியது தங்கையன்தான். ஏற்றும்போது சக்கரம் தானாக ஒரு சுற்றுச் சுற்றி, மீட்டரில் ஒரு எண் கூடியது. அப்போதும் அவன் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து பட்டறையைக் காலி செய்தார்கள். மீட்டர்களைப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். மத்தியானம் ஆண்டனி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ரைஸ்மில்லுல நெல் அவியல் பாக்க ஆள் கேக்குறாங்களாம். உன் கை அங்க உதவும். ஒரு லெட்டர் எழுதித் தர்றேன், காட்டு."

"எதுக்குண்ணே அதெல்லாம்."

"இருக்கட்டும்ப்பா." அவர் எழுதுவதைத் தங்கையன் எதிரிலிருந்து தலைகீழாகவே கூட்டிப் படித்தான். 'மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடக் கவனம் தவறியதில்லை. இவர் எழுதி வைத்தால்...'

"எழுதாதீங்கண்ணே."

"என்னப்பா?"

"சல்லடையில துண்டு கட்டியிருந்தேன்."

ஆண்டனிக்குப் புரியவில்லை. தங்கையன் முதலிலிருந்து சொன்னான். சுணை, துண்டு, வைக்கோல், இடுப்பில் செருகியது, நோட்டு. சொல்லும்போது எதிரில் இருந்த பேனா மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆண்டனி அந்த மூடியை எடுத்துப் பேனாவில் மாட்டிவிட்டுக் கேட்டார். "எத்தனை மடிப்பு?"

"நாலு பட்டைண்ணே."

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"நான் போய் வந்தது ஒரு மணி. அதுக்கு முன்னாடி ஒரு கால் மணி."

"ஒன்னேகால் மணி. ஜன்னலும் சாத்தியிருக்கு." அவர் உதடு கணக்குப் போடுகிற மாதிரி அசைந்தது. "புகை வர்றதுக்கு ஒரு மணி நேரமாவது தாங்கியிருக்கு. கம்பெனிச் சுத்துகூட அவ்வளவு தாங்காது."

இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். "கிளம்பு."

தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார்கள். இரும்புக்கடைத் தௌபீக் இருவருக்கும் ஸ்டூல் போட்டான். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"முந்தாநாளுதான் அண்ணே உடைச்சோம். சக்கரம் லோடுல போயிடுச்சு. அந்த மீட்டர் பித்தளைன்னு தனியா உருக்கப் போட்டாச்சு. ஒரு போன் பண்ணியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே. பலகை கிடக்கு, பாருங்க."

தேக்குப் பலகை ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. ஆணி இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஆண்டனி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தார்.

"முந்தாநாளா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாண்ணே. புதன்கிழமை."

புதன்கிழமை தங்கையன் பட்டறையில் உட்கார்ந்து வால்வுகளைப் பஞ்சில் பொதிந்துகொண்டிருந்தான். அன்றைக்கும் சொல்லத்தான் நினைத்தான். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

திரும்பி வரும்போது நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது. பஸ் வரிசையில் நின்று இன்ஜினை அணைத்துவிட்டது. சிலர் கீழே இறங்கி கடலை வாங்கினார்கள். ஆண்டனி ஜன்னலோரம். தங்கையன் பக்கத்தில் இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"புதுசா ஒரு மெஷின் பண்ணிக்கலாமாண்ணே. நான் கூட இருந்து எல்லாம் செய்றேன்."

"அது எட்டு மாசம் ஆச்சு எனக்கு, நாப்பது வயசுல." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "சரி, பண்றேன்னு வை. நாலு பேருகிட்ட என் கையை நம்பாதீங்கன்னு நானே சொல்லியாச்சு. ரெண்டு பேரு அதைப் புடுங்கிப் போட்டுட்டு மெட்ராஸ்ல வேற மாத்திட்டாங்க. இப்பப் போய், இல்ல, என் கை நல்ல கைதான்னு எப்படிச் சொல்றது? கிழவன் புத்தி மாறிப் பேசுறான்னு சொல்லுவாங்க."

"நான் வந்து சொல்றேண்ணே. நாலு பேருகிட்டயும் நானே சொல்றேன்."

கடலைக்காரன் ஜன்னல் பக்கம் வந்து பொட்டலத்தை நீட்டினான். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"துண்டு கட்டுனதுல எனக்குக் கோவம் இல்லப்பா. தூசி போகக் கூடாதுன்னுதானே கட்டுனே. அறுப்பு அன்னைக்குப் போடுன்னு சொன்னதும் நான்தான்." மடியில் கிடந்த கையைப் பார்த்தார். "ரெண்டு மாசமா என் கையைப் பாத்துப் பாத்து நான் வெறுத்தேன். சாப்பிடுறப்பகூட வெறுத்தேன். நீ எதிர்ல உக்காந்து பாத்துகிட்டு இருந்தே. நான் ஒவ்வொருத்தனுக்கா போன் போட்டப்ப டீ ஊத்திக் குடுத்தே."

தங்கையன் கம்பியை மாற்றிப் பிடித்தான்.

ஆண்டனி எழுந்தார். "கேட்டைத் தூக்க நேரமாகும். நான் நடந்துக்குறேன். நீ வண்டியிலேயே வா."

"நானும் வர்றேண்ணே."

"வேணாம்ப்பா."

அவர் இறங்கி, நிற்கிற லாரிகளுக்கு நடுவில் போய், கேட் கம்பிக்குக் கீழே குனிந்து தண்டவாளத்தைத் தாண்டினார். மகள் சொல்லிச் சொல்லி மாற்றாத பழைய செருப்பு, ஜல்லிக்கல்லில் ஒரு தரம் வழுக்கியது, சமாளித்துக்கொண்டார். தங்கையன் பஸ் படிக்கட்டு வரை வந்து நின்றான். இறங்கலாமா என்று ஒரு காலைக் கீழே வைத்தான். கண்டக்டர், "பெரியவரே, ஏறுங்க இல்ல இறங்குங்க, நடுவுல நிக்காதீங்க" என்றார். அதற்குள் சரக்கு ரயில் ஒன்று வந்து இரண்டு பேருக்கும் நடுவில் ஓட ஆரம்பித்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.

கேட் தூக்கி பஸ் நகர்ந்தபோது ஆண்டனி ரோட்டோரம் பட்டறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். பஸ் அவரை ஒட்டித்தான் போனது. தங்கையன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். அவர் தலையைத் தூக்கவில்லை.